பெருமூச்சுத் தேர்வில் தவறிய தாய்மாமன் எழுதிக்கொண்டது

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை காலை.

சார்ஜாவில் குளிர்சாதன அறையில் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்துவரும் மாப்பிள்ளை ரஞ்சித் அவர்களுக்கு, தாய்மாமன் சவுரிராயன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தை ஜெசிந்தாவும், விழுப்புரத்தில் உங்கள் தாயாரும் அவரவர் வயதுக்கு அனுமதிக்கப்பட்ட நலத்தோடு இருக்கிறோம். அங்கே நீங்கள் நலமா என்று கைப்பேசியில் கேட்டுக்கொள்வதுதான் இக்கால முறை. ஆனால் என் எண்ணை நீங்கள் முடக்கி வைத்திருப்பதாக என் தங்கை அம்மணி, அதாவது உங்கள் தாயார், தகவல் சொன்னாள். 'அவன் உன் நம்பரயே தூக்கிட்டானாம்ணா, இன்னாதான் பண்ண நீ அவன?' என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் இந்தத் தபாலை எழுதுகிறேன். தங்கை மகனைத் தொட்டிலில் இருந்த நாள் முதல் 'நீ' என்றே கூப்பிட்டவன் நான். கதவைச் சாத்திக்கொண்டவரை அப்படிக் கூப்பிடலாமா என்பதில் எனக்குத் தெளிவில்லை, ஆகையால் 'நீங்கள்' என்று எழுதுகிறேன். இடையில் எங்காவது 'நீ' வந்துவிட்டால் அடித்துத் திருத்த மாட்டேன், தாள் அசிங்கமாகிவிடும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விடும். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நீங்கள் வந்திருந்தபோது விழுப்புரத்திலிருந்து என்னைக் காரில் திண்டிவனம் கொண்டுவந்து விட்டீர்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பண்டிகைக் கூட்டம், வண்டி நகரவில்லை. பொழுது போகட்டும் என்று ஒரு பாட்டைப் போட்டீர்கள். பாதிப் பூசணிக்காயில் நரம்பு கட்டியதுபோல் இருக்கும் ஊத் என்ற வாத்தியத்தை ஒருவர் மீட்ட, ஒரு கிழவர் பாடினார். பாட்டு முழுக்க இரண்டே சொற்கள், 'இரவே, கண்ணே' என்று பொருள் என்றீர்கள். அந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் வேறு வழியாக மேலே ஏற்றிக்கொண்டு போனார் அந்த மனிதர். எனக்குப் பாட்டு தெரியாது, ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போவது என்று தெரியும், நாற்பது வருடம் கரும்பலகையில் அதைத்தான் செய்தேன். இதோ முடிவுக்கு வருகிறார், 'ஆகவே' என்று ஒரே ஒரு வரிதான் பாக்கி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் சத்தம் நின்றது. என் காதுதான் நின்றுவிட்டது என்று முதலில் பயந்தேன். இடது காது ஏற்கெனவே போய்விட்டது, வலது காதும் அதன் பின்னாலேயே போகும், கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று புதுச்சேரி மருத்துவர் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சிரித்துவிட்டு, 'உங்க காது இல்ல மாமா, பாட்டே அவ்ளோதான். பாதிதான் வெளிய உடுவாங்க, மீதி உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்' என்றீர்கள்.

உள்ளே என்றால் எங்கே என்று கேட்டேன். இணையத்தில் ஒரு குழு இருக்கிறது, அலெப்போ, கெய்ரோ பக்கத்துப் பழைய அரபு இசைத்தட்டுகளை எல்லாம் வைத்திருக்கிறார்கள், அலெப்போவில் பிறந்து இப்போது ஜெர்மனியில் இருக்கும் ஒரு முதியவர் நடத்துகிறார், உஸ்தாத், அதாவது ஆசான், என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், வியாழக்கிழமைதோறும் எல்லாரும் சேர்ந்து கேட்பார்கள், நீங்களும் அதில் உறுப்பினர் என்றீர்கள். என்னைப் போன்றவர்களை விடுவார்களா என்று கேட்டேன். 'அங்க யாரும் நம்ம யாருன்னு கேக்க மாட்டாங்க மாமா. காது இருந்தா போதும். நான் சேத்துடுறேன், உடுங்க.' மாப்பிள்ளை, இந்த வாக்கியத்தை எழுபத்து மூன்று வயதில் ஒருவன் கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. சிறுவயதில் எங்கள் கோயிலில் எங்கள் ஆட்கள் உட்கார ஒரு பக்கம் தனியாக உண்டு. பாடற்குழுவுக்கு ஏறும் மாடிப்படியில் கால் வைத்தால் உபதேசியார் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சியில் இசை வகுப்பு எடுத்தவர் என் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், அப்புறம் கதவோரத்து இடத்தைக் காட்டி, 'அங்க உக்காந்து கேட்டுக்கப்பா' என்றார். நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். கணக்குக்கு வந்ததே அதனால்தான். தேற்றத்தை நிறுவுகிறவனிடம் யாரும் தெருப் பெயர் கேட்பதில்லை.

நீங்கள் திரும்பிப் போனீர்கள். நான் கேட்டேன், 'பாக்குறேன் மாமா' என்றீர்கள். மறுபடி கேட்டேன், 'அடுத்த வாரம் மாமா' என்றீர்கள். பிறகு வெறும் கட்டைவிரல் படம் வந்தது. ஜெசிந்தாவோ காலையில் காப்பி கொடுக்கும்போதே, 'இன்னா, அரபுக்காரரு கதவத் தொறந்தாரா, இல்ல பூட்டிக்கினு தூங்குறாரா?' என்று விசாரிக்க ஆரம்பித்தாள். ஆகவே உங்களுக்கு ஏன் சிரமம் என்று நானே நேரடியாக விண்ணப்பித்தேன். நீங்கள் யார், ஏன் உள்ளே வர விரும்புகிறீர்கள் என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுக என்று இருந்தது. சொந்தச் சொற்கள் எந்த அலுவலகத்திலும் எடுபட்டு நான் பார்த்ததில்லை. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு ஆங்கிலத்தில் முறையான ஒரு மனு எழுதினேன். பட்டச் சான்றிதழ், ஓய்வு ஆணை, பங்குத்தந்தை கொடுத்த நன்னடத்தைச் சான்று ஆகியவற்றின் நகல்களில் அரசு மருத்துவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி இணைத்தேன். உண்மையை மறைத்துச் சேர்ந்தான் என்று பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது என்பதற்காகக் காதுப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்தேன். இசைக் குழுவில் சேரப் பாதிச் செவிடன் என்று சான்று கொடுத்து விண்ணப்பித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் நான் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்க, பாதசாரிகள் கடக்கும் கோடுகள் உள்ள படங்களை எல்லாம் தொடச் சொன்னார்கள். திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவன் அந்தக் கோடுகளை எங்கே பார்த்திருக்கிறான்? மூன்று முறை இயந்திரம் என்றே முடிவாகி, நான்காவது முறைதான் மனிதன் ஆனேன்.

அறிமுகம் செய்பவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. வாக்குக் கொடுத்தவர் என்ற நம்பிக்கையில் உங்கள் பெயரை எழுதினேன். அவர்கள் உங்களைக் கேட்டார்கள். நீங்கள் அளித்த பதிலை உஸ்தாத் எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார், அது அவர்கள் வழக்கமாம். 'ஆம், எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்' என்று எழுதியிருந்தீர்கள். மாமா என்பதற்கு இரண்டே எழுத்து. பெரியவர் என்பதற்கு ஐந்து. கூடுதலாக உழைத்திருக்கிறீர்கள். அழைத்து வந்தவர், வந்தவருக்குப் பொறுப்பு என்பது அவர்கள் விதி என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமா என்று எழுதாததற்கு அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கேட்கும் தேர்வு ஒன்று உண்டு என்று அடுத்து எழுதினார்கள். என்னவென்று புரியாமல் கோட்டக்குப்பம் போய் லியாகத் அலி பாயைப் பார்த்தேன். ஜித்தாவில் பல வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர், என் பழைய மாணவனின் தகப்பனார். 'சார், எனக்குத் தெரிஞ்ச அரபியெல்லாம் வண்டியப் பின்னாடி எடுக்கும்போது கத்துற அரபி. ஆனா இது எனக்குத் தெரியும். எங்க மொதலாளி ஊட்ல ராத்திரி பாட்டுக் கச்சேரி வைப்பாங்க, நான் வெளிய வண்டியில உக்காந்துக்கினு கேப்பேன்' என்று விளக்கினார். அவர்களிடம் பாடுகிறவருக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு கேட்கிறவருக்கும் உண்டாம். பாடுகிறவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூச்சை இறக்கி வைக்கும் இடத்தில், கேட்கிறவர் வாய்விட்டு 'அல்லாஹ்' என்று சொல்ல வேண்டும், அல்லது ஒரு பெருமூச்சு விட வேண்டும். முன்னாலேயே விட்டால் அவசரக்காரன், பின்னால் விட்டால் செவிடன். அதைத்தான் மைக்கைத் திறந்துவைத்துச் சோதிப்பார்கள். நான் கத்தோலிக்கன் ஆயிற்றே, அந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று கேட்டேன். 'தாராளமா சொல்லுங்க சார், அவன் எல்லாருக்கும் பொது' என்றார் பாய். வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் சொன்னதற்கு, 'நீங்க அல்லான்னு சொல்லுங்க, நான் இந்தாண்டேர்ந்து ஆமென்னு சொல்றேன், ரெண்டு பேரும் ஜோடியா போயி சாமியாருகிட்ட வாங்கிக் கட்டிக்கினு வருவோம்' என்றாள். ஆகையால் வெறும் 'ஆஹா' என்று முடிவு செய்தேன்.

முதல் வியாழக்கிழமை மாலை மின்விசிறியை நிறுத்தினோம், குக்கர் வைக்கவில்லை, ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டு போட்டார்கள். சுற்றிலும் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள், முனகினார்கள், ஒருவர் அழுதார். எனக்கும் எந்த இடம் என்று நன்றாகவே தெரிந்தது, மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்தது, நெஞ்சுக்குள் வந்தது, தொண்டை வரையில்கூட வந்தது. வாய் திறக்கவில்லை. தயவில் உள்ளே விடப்பட்டவன் சத்தம் போடக்கூடாது என்று எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். கதவோரத்தில் உட்கார்ந்தவன் மூச்சு விடுவதைக்கூட மெதுவாகத்தான் விடுவான். அதுதான் மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். முடிந்ததும் உஸ்தாத், 'இந்திய நண்பர் வரவில்லையா?' என்று கேட்டார். நான் முழு நேரமும் அங்கேதான் இருந்தேன்.

இருந்தாலும் இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள், பழகிக்கொள்ள ஒரு மாதிரிப் பதிவும் அனுப்பினார்கள். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது, அதாவது கெட்டது. மாதிரி வினாத்தாள் வந்தால் அதிலிருந்துதான் கேள்வி வரும் என்பது தமிழ்நாட்டு ஆசிரியன் எவனுக்கும் வேதம். பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளை அப்படித்தான் தேற்றினேன், நூற்றுக்கு நூறும் வாங்க வைத்தேன். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த இடத்தில் எத்தனையாவது விநாடியில் உறுப்பினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள் என்று குறித்து மனப்பாடம் செய்தேன். வாய் வர வேண்டுமே என்று தினமும் மொட்டை மாடியில் ஆஹா சொல்லிப் பழகினேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடும் இருதயமேரி ஒருநாள், 'சாரு, எங்கிட்டயா சொல்றீங்க?' என்று கேட்டுவிட்டுக் கீழே போய் ஜெசிந்தாவிடம் சொன்னதில், ஒரு வேளை சாப்பாடு தாமதமானது.

அடுத்த வியாழக்கிழமை லியாகத் பாய் துணைக்கு வந்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் போட்டது வேறு பாட்டு. கேள்வித்தாள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. விடை தெரியாவிட்டாலும் தாளை நிரப்பிவிட்டு வா, ஏதாவது மதிப்பெண் கிடைக்கும் என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்து, படித்தபடியே சொன்னேன். ஊத்காரர் நரம்பைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆஹா. பாடகர் இருமியபோது ஒரு ஆஹா. இசைத்தட்டில் கீறல் விழுந்து ஊசி தடுமாறிய இடத்தில் நீண்டதாக ஒரு ஆஹா. அவர் உண்மையிலேயே மூச்சை இறக்கி வைத்த இடத்தில் உலகமே பெருமூச்சு விட, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'சார், போதும் சார், வண்டி பள்ளத்துல எறங்குது' என்று பாய் என் கையைப் பிடித்தார். கெய்ரோவிலிருந்து ஒருவர், இது மனிதன்தானா என்று விசாரிக்கும்படி எழுதினார். இன்னொருவர், கேலி செய்ய அனுப்பப்பட்ட ஆளா என்று கேட்டார். பொறுப்பாளர் என்ற முறையில் உங்கள் உறுப்பினர் உரிமையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். உஸ்தாத் மட்டும், வந்த பெரியவர் இன்று கடைசிப் பதிவைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றார்.

கடைசிப் பதிவு எது தெரியுமா? விக்கிரவாண்டியில் நின்றுபோனது. அந்தக் கிழவர், அந்த இரண்டு சொற்கள். கைப்பேசியை வலது காதோடு அழுத்திக்கொண்டேன். கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தேன். படி, படி, படி என்று ஏறினார். அன்று காரில் நின்ற இடத்தைத் தாண்டினார். இனிமேல் வருவதை நான் கேட்டதே இல்லை. இதோ அந்த வரி, இதோ வருகிறது, என்று இருக்கும்போது பாட்டு அமுங்கி உன் அழைப்பு மணி அடித்தது. ரஞ்சித் என்று பெயர் வந்தது, நான் எடுத்துக் கொடுத்த சட்டையில் உன் படமும் வந்தது. வாழ்நாளில் ஒருவரையும் உரக்கக் கூப்பிடாத நான், 'அடப் பாவி, இப்பவாடா' என்று கத்தினேன். அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. லியாகத் பாய் எழுந்து நின்றுவிட்டார். ஜெசிந்தா உள்ளேயிருந்து, 'யாரு செத்துப் பூட்டாங்க?' என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தாள். துண்டிக்கப் போய் அழைப்பை எடுத்துவிட்டேன், குழுவோடு இருந்த இணைப்பு அறுந்துவிட்டது. நீ சொன்னதை மறக்கவில்லை, அப்படியே எழுதுகிறேன்: 'உங்களுக்கு எதுக்கு மாமா இதெல்லாம்? எத்தினி வருசமா நான் சேத்து வெச்ச பேரு, ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டீங்க. ஜெபமால உருட்டிக்கினு ஊட்லயே இருக்க வேண்டிதானே?' அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கினாய்.

ஆகவே நான் செய்திருக்கும் முடிவுகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தக் குழுவின் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டேன். பிழை முழுதும் என்னுடையது, ரஞ்சித் அவர்கள் என்னை எவ்வகையிலும் பரிந்துரைக்கவில்லை, நானாகப் பெயரை எழுதிவிட்டேன் என்று உஸ்தாத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அந்தப் பாட்டின் மீதி எனக்கு வேண்டாம். எந்தக் குழுவின் எந்தக் கதவையும் இனித் தட்டுவதாக இல்லை. வலது காது அதன் இஷ்டம்போல் போகட்டும், கடைசியாக அது கேட்டது மருமகன் குரல் என்று இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் தாயாரை மாதாந்தரப் பரிசோதனைக்கு வழக்கம்போல் நானே அழைத்துப் போகிறேன், கவலை வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதீர்கள். திருக்குடும்பம் உங்களுக்குக் காவலாக இருந்து, சம்பளமும் சரீர சுகமும் நல்ல காதும் தந்து காப்பதாக.

இப்படிக்கு,
தங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர்,
ம. சவுரிராயன்.

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி உறையில் போட்டு, அஞ்சலகம் விடுமுறை முடிந்து திறக்கட்டும் என்று வைத்திருந்தேன். இடையில் உஸ்தாத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்தப் பதிவை முப்பது வருடமாக எல்லாரும் சேர்ந்து கேட்கிறார்களாம். அந்த இடம் வந்தால் எல்லாரும் பழக்கப்பட்டபடி ஒரு பெருமூச்சு விடுவார்களாம். அன்று அதே இடத்தில், சரியாக அந்தக் கணத்தில், கையிலிருந்ததைப் பறிகொடுத்தவன் போல் யாரோ ஒருவர் வேற்று மொழியில் அலறியது திறந்திருந்த மைக் வழியாக எல்லாருக்கும் கேட்டதாம். பாடகரே அங்கே அதைத்தான் சொல்கிறார், இத்தனை வருடம் நாங்கள் கவனிக்கவில்லை என்கிறார். யார் குரல் என்று தேடிப் பார்த்தால், ஒரு காது இல்லை என்று பச்சை மையில் சான்று கொடுத்தவர். என்னை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அது பாட்டுக்கு அல்ல, தொலைபேசிக்கு என்று உண்மையை எழுதப் போனேன். 'உண்மைய எழுதிக் குடுத்துதான் எல்லாரும் உள்ள போயிருக்காங்களா? மூடிக்கினு பாட்டக் கேளுங்க' என்றாள் ஜெசிந்தா. எழுதவில்லை. செயலியை மறுபடி இறக்கிக்கொண்டேன். அந்தப் பாட்டை முடிவு வரை கேட்டேன். நான் எதிர்பார்த்த 'ஆகவே' அதில் இல்லை. அவர் அங்கே குரல் உடைந்து, ஏறிய படியெல்லாம் இறங்கி, தொடங்கிய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த இடத்தில் என்னிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மைக் மூடியிருந்தது நல்லதாயிற்று.

நேற்று அவர்களிடமிருந்து ஒரு விசாரணை வந்திருக்கிறது. உங்களை மீண்டும் சேர்க்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒருவர் சான்று தர வேண்டுமாம், உங்களை அறிந்தவர் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்ன உறவு என்ற கேள்விக்குத் தாய்மாமன் என்று முழுதாக எழுதிவிட்டேன். எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதற்குப் பிறந்த நாள் முதல் என்று எழுதிவிட்டேன். அடுத்த கேள்வி, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது இவர் குறுக்கிடாமல் இருப்பாரா என்பது. அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.